இடது காலில் இறங்குகிறவள்

அன்புள்ள அமுதா,

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். உன் அம்மா சுகமாக இருக்கிறாள், முதுநகர் வீடு புயலுக்குப் பிறகு போட்ட தகர ஷீட்டோடு சுகமாக இருக்கிறது, எனக்கும் சர்க்கரை கொஞ்சம் ஏறியதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் சுகத்தைச் சொல்ல எழுதுவது இல்லை. போனில் சொல்லலாம்தான். ஆரம்பித்துப் பார்த்தேன். "அப்பா, ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது படித்துவிடுவாய். அதனால்தான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது, காதர் பாய் டிரைவர் சீட்டில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் நேரத்தில், கடைசி சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நித்யாவைப் பற்றி எழுத வேண்டும். உனக்கு நாத்தனாராக வரப்போகிற பெண்ணைப் பற்றி. அவளுடைய முட்டியைப் பற்றி.

உனக்குத் தெரியும், கண்டக்டராக இருக்கிறவன் முகத்தைப் பார்த்து விசில் ஊதக் கூடாது. முகம் இறங்கியாயிற்று என்று சொல்லும், கால் இன்னும் படியில் இருக்கும். நான் காலைப் பார்த்துத்தான் ஊதுவேன். இந்தக் கடலூர் சிதம்பரம் ரூட்டில் இத்தனை வருடத்தில் என் பெயரில் ஒரு கேஸ்கூட இல்லை என்றால் அதுதான் காரணம். பார்த்துப் பார்த்துக் கால்களின் சங்கதி எனக்கு அத்துப்படி. முட்டி வலி இருக்கிறவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பார்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே விடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆலப்பாக்கத்தில் கூடையோடு ஏறுகிற மீன்காரப் பெண்கள், கோர்ட் வாய்தாவுக்கு வருகிற பெரியவர்கள், எல்லோரும் அப்படித்தான். உன் காலேஜுக்கு நம் வண்டியில் போய் வருகிற நித்யாவும் பங்குனி மாதத்திலிருந்து அப்படித்தான் ஏறி இறங்குகிறாள். அவளுக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை. வலிக்கிறது இடது கால்.

நீ ஆடி நான் முதலில் பார்த்தது சுனாமி வந்த வருடம், அது வருவதற்குச் சில மாதம் முன்னால். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஸ்கூல் மேட்ச் என்றாய். எனக்கு அன்றைக்கு ஆஃப், சும்மா வந்து நின்றேன். பந்தைக் கீழே விடக் கூடாது என்பதற்கு மேல் வாலிபாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ வலைக்கு மேலே எழும்பி ஒரு அடி அடித்தாய். எதிர்ப் பக்கத்துப் பெண்கள் பந்து எங்கே என்று தேடிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர், "யாரு சார் இந்தப் பொண்ணு, தென்ன மரத்துல பாதி இருக்குது?" என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், "இப்பவே இந்த ஒசரம். இன்னும் குதிச்சான்னா மாப்ளைக்கி நான் எங்க போறது?" என்று சோற்றைக் கிளறினாள். அப்போதெல்லாம் நீ இரண்டு காலிலும்தான் இறங்குவாய். மண்ணில் இரண்டு குழி பக்கத்தில் பக்கத்தில் விழும். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்தாய். ஹாஸ்டல் வேண்டாம் என்று நம் வண்டியிலேயே போய் வந்தாய். முதல் வருடமே டீமில் எடுத்தார்கள். இரண்டாம் வருடம் அந்த ஃபைனல் நடந்த சாயங்காலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கிளம்ப வேண்டிய வண்டியைக் காதர் பாய் மைதானத்துச் சுவர் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஓனர் கேட்டா இன்னா சொல்றது?" என்றேன். "இன்னா மச்சான் நீ, நம்ம பொண்ணு ஆடுது, நாம டயம் பாத்துக்கினு இருக்கறதா? டயர் பஞ்சர்னு சொல்லு" என்று இறங்கிவிட்டார். பயணிகளும் இறங்கினார்கள். லேட்டாகிறது என்று சத்தம் போட்ட ஒரு பெரியவர் கடைசியில் ஜன்னல் சீட்டின் மேல் ஏறி நின்று பார்த்தார். கடைசி செட். பந்து உனக்கு எழும்ப எழும்ப அடித்தாய். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் காற்றிலேயே லேசாகத் திரும்பி, வலது காலை மடக்கிக்கொண்டு, சேறு படாமல் தாண்டுகிறவள் மாதிரி இடது காலில் மட்டும் இறங்கினாய். கூட்டம் கத்தியது. நானும்தான் கத்தினேன். ஜெயித்துவிட்டு வண்டியில் ஏறினாய். "இன்னாம்மா, ஒத்தக் கால்ல எறங்கற?" என்று கேட்டேன். "ஸ்டைலுப்பா" என்றாய். வண்டியே சிரித்தது. ஊரார் கால்களையெல்லாம் உற்றுப் பார்த்தவன் நான், நீ படி ஏறும்போது மட்டும் உன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்.

மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவிலும் நீ ஒற்றைக் காலில்தான் இறங்கிக்கொண்டிருந்தாய். அதை வெட்டி ஸ்கூல் நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. முதுநகரில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் குதித்தார்கள். தேவனாம்பட்டினம் மணலில், கொடியில் காயப்போட்ட துணிக்கு மேலாகப் பந்தை அடித்துவிட்டு ஒற்றைக் காலில் விழுந்து உருண்டார்கள். "அமுதாக்கா லேண்டிங்" என்று அதற்குப் பெயர். பி.டி. டீச்சர் திட்டினால், "அமுதாக்கா இப்டித்தான் டீச்சர் எறங்குவாங்க" என்று பதில் வரும், அதற்கு மேல் டீச்சரால் ஒன்றும் சொல்ல முடியாது. நீ படிப்பு முடித்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக்கு வேலைக்குப் போய், ஆபீஸ் டீமுக்கு ஆட ஆரம்பித்த பிறகும் இங்கே அது நிற்கவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், ஏதாவது ஒரு ஸ்கூல் மைதானத்தில் ஏதாவது ஒரு பெண் உன்னைப் போலவே இறங்கிக்கொண்டிருப்பாள். எனக்கு மார்பு விரியும். இன்றைக்கு அதே ஜன்னல் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது.

சென்னை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த நாளை நான் எழுத வேண்டாம், நீ மறந்திருக்க மாட்டாய். பிராக்டிஸில் இடது முட்டி போய்விட்டது. "டப்புனு ஒரு சத்தம்ப்பா, பந்துதான் வெடிச்சிடுச்சின்னு நெனச்சேன்" என்றாய். பிறகுதான் மிச்சத்தையும் சொன்னாய். இரண்டாம் வருடம், அந்த ஃபைனலுக்கு முன்னாலேயே வலது முட்டி திரும்பிக்கொண்டதாம். சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மாஸ்டரிடம்கூடச் சொல்லாமல், முழுக் கனத்தையும் இடது காலில் போட்டே ஆடியிருக்கிறாய். ஸ்டைல் என்று நாங்கள் கை தட்டியது உன் வலியைத்தான். ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து, இனிமேல் ஆட்டம் வேண்டாம், நடமாட்டம் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்ப்பா" என்றாய். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆவற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்றாள். ஆபீஸில் பிரமோஷன், வேலை ஜாஸ்தி, அதனால் விளையாட்டை விட்டுவிட்டாள் என்று நாம் மூன்று பேரும் சேர்ந்து ஊருக்குச் சொன்னோம். ஊர் நம்பியது, பெருமையும் பட்டது.

உன் காலேஜ் விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்க உன்னைக் கூப்பிட்டார்களே, அங்கேதான் நித்யா உன்னைப் பார்த்தாள். ஏன் அக்கா ஆட்டத்தை விட்டீங்க என்று மைக்கில் கேட்டவள் அவள்தான். "வேலை ஜாஸ்திம்மா" என்று சிரித்தாய். அந்தப் பெண் நெல்லிக்குப்பம் போய், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த தன் அண்ணன் செந்திலிடம், கட்டினால் அமுதாக்காவைத்தான் கட்ட வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறாள். ஜாதகம் பார்த்தது எல்லாம் பிறகுதான். புயலில் அவர்கள் வீட்டு ஓடு பறந்து, கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப் போனது. வைகாசியில் நிச்சயத்தின்போது பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். உன்னால் முட்டி மடக்க முடியவில்லை. அம்மா ஓடிவந்து, "பஸ்ல வந்தது, முதுகு புடிச்சிக்கிச்சி" என்றாள். நித்யாதான் சேர் கொண்டுவந்து போட்டாள். "எங்க அண்ணி ஸ்டார் பிளேயர், தரையில எல்லாம் உக்கார மாட்டாங்க" என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று இந்த இடத்தில் காதர் பாய் எழுந்துவிட்டார், நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைக்கு விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நித்யா முன் சீட்டில் உட்கார்ந்து, காலை என்ஜின் பாக்ஸ் மேல் நீட்டி வைத்திருந்தாள். முட்டியில் சாக்ஸ் மாதிரி ஒன்றை மாட்டியிருந்தாள், அதற்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.

"இன்னாம்மா நித்யா, கால்ல இன்னா?"

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்சம் வீங்கியிருக்குது, ஐஸ் வெச்சா அடங்கிடும்."

"டாக்டரப் பாத்தியா?"

"எதுக்கு மாமா? அண்ணிக்கும் இப்டித்தான் இருந்துச்சாமே. போன்ல கேட்டேன், சொன்னாங்க. பல்லக் கடிச்சிக்கிட்டு ஆடுனா ரெண்டு மாசத்துல தானா சரியாயிடுமாம். அவுங்களுக்கு ஆயிடுச்சாம்."

நான் படியில் நின்றபடி விசில் ஊதுவதை மறந்துவிட்டேன். காதர் பாய் கண்ணாடியில் பார்த்து, "மச்சான், போலாமா வேணாமா?" என்று கத்திய பிறகுதான் ஊதினேன். சிதம்பரம் வந்ததும் அவள் பின்னாலேயே மைதானத்துக்குப் போனேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். உன் நம்பர் பனியன்தான் போட்டிருக்கிறாள். கேட்டு வாங்கினாளாம். எழும்புகிறாள், அடிக்கிறாள், காற்றில் திரும்புகிறாள், அந்த வீங்கிய காலிலேயே இறங்குகிறாள். உனக்கு இருந்த கையும் உயரமும் அவளுக்கும் இருக்கிறது, கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அவள் தரையைத் தொடும்போதும் நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவள் மட்டும் இல்லை அமுதா, அந்த டீமில் இன்னும் சில பெண்கள் அதே மாதிரி இறங்குகிறார்கள். அவர்கள் பெயர்கூட உனக்குத் தெரியாது.

ஏன் அவளிடம் அப்படிச் சொன்னாய் என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. டாக்டரிடம் போ என்றால், ஏன் அண்ணி, உங்களுக்கு என்ன ஆனது என்று கேட்பாள். அங்கே ஆரம்பித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆவணிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாய். நீ கெட்டவள் இல்லை. சின்ன வயதில் காக்கைக்குக்கூடக் கல் எறியாதவள். ஆனால் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். உனக்கு ஒரு காலைப் பற்றி மறைக்க வேண்டியிருந்தது, அதற்கு இன்னொருத்தி காலைக் கொடுக்கப் பார்த்தாய். இந்த வரியை அடித்துவிடப் போவதில்லை.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன். "ஆவணி வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க. தாலி ஏறட்டும், நானே சம்பந்தியம்மாகிட்ட சொல்றேன்" என்றாள் அம்மா. "அதுக்குள்ள அந்தப் பொண்ணு காலு போயிட்டா?" என்றேன். "நம்ம பொண்ணு கல்யாணம் போயிட்டா?" என்றாள். அவளையும் குற்றம் சொல்ல மாட்டேன். உன் உயரத்துக்கு மாப்பிள்ளை தேடி அவள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். இப்போது என்னோடு பேசுவது இல்லை, டம்ளரை வைக்கிற சத்தத்தில்தான் காபி ரெடி என்று தெரிகிறது. உனக்கு ஒன்று சொல்கிறேன், நாளைக்கு நீயும் ஒரு குடும்பம் நடத்தப் போகிறவள். வீட்டுக்குள் ஒரு விஷயத்தை மறைத்து வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்காது. நாம் மறைத்தது உன் முட்டியை மட்டும்தான் என்று இத்தனை நாள் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் நெல்லிக்குப்பம் போய் வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் போனேன். கேட்டிருந்தால் போகவிட்டிருக்க மாட்டாய். சம்பந்தி அப்போதுதான் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆடி மாதத்தில் பெண் வீட்டுக்காரன் சொல்லாமல் வந்து நிற்கிறானே என்று அவர் முகமும் சம்பந்தியம்மா முகமும் மாறிவிட்டன. டீ வந்தது. குடிக்காமலே சொன்னேன். வலது முட்டி, இடது முட்டி, ஆஸ்பத்திரி, நிச்சயத்தில் முதுகுப் பிடிப்பு என்று சொன்னது, நித்யா கால், எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாதான் பேசினார்கள்.

"முட்டி போனது ஒரு குத்தமாங்க? எங்க வீட்ல யாரும் மருமவள வாலிபால் ஆடவெச்சிப் பொழைக்கப் போறதில்ல. கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். ஆனா தெரிஞ்சிருந்தும் எம்பொண்ணப் பல்லக் கடிச்சிக்கிட்டு ஆடச் சொல்லியிருக்குதே, அத்த நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை அவசரமாக அனுப்புவது அதற்காகவும் இல்லை. இதையெல்லாம் நித்யா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்தாள். அழுவாள், பயப்படுவாள் என்று நினைத்தேன். "மாமா பொய் சொல்றாரும்மா" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் கால ஒடச்சிக்கிட்டா சகுனம் சரியில்லன்னு பயப்படறாரு. அண்ணி என்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க. சரியாயிடும்னு சொன்னாங்க, சரியாயிடும்." அங்கேயே உனக்குப் போன் போட்டாள். நீ எடுக்கவில்லை. "பாத்தியா, பிஸியா இருக்காங்க" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். வியாழக்கிழமை டீம் கேம்ப்புக்குப் போகிறது. அவள் அப்பா போகக் கூடாது என்றார். "போவேன், அண்ணி வந்து வேணாம்னு சொல்லட்டும், அப்ப நிக்கறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இதைச் சென்னை வண்டிக் கண்டக்டர் ஒருத்தரிடம் கொடுத்துவிடுகிறேன், நாளைக்குக் காலையில் உன் கைக்கு வந்துவிடும். லீவு போட்டுவிட்டுப் புறப்படு. போனில் சொல்லலாம் என்று பார்க்காதே, இதுவரை போனில் சொன்னது போதும். நேராக நெல்லிக்குப்பம் போ, நானும் வந்து உன்னோடு நிற்கிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து, தையல் போட்ட இடத்தைக் காட்டு. பார்த்தும் நம்பாவிட்டால் அவள் கையைப் பிடித்து அதன் மேல் வை. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், அதற்கு நாம் சேர்ந்து அழுதுகொள்ளலாம். அம்மாவை நான் சமாதானப்படுத்துகிறேன்.

நான் சொன்னதை அவள் அப்பா நம்பினார், அம்மா நம்பினார்கள். அவள் நம்பவில்லை. அவள் உன்னைத்தான் நம்புகிறாள், அமுதா. எனக்குப் பயம் அதுதான்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு,
அப்பா